தொண்ணூற்றாறு பவுண்டுக் குழந்தை

டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு கேட் உண்டு. பச்சை வர்ணம் அடித்த இரும்பு கேட். அதற்கு உள்ளே இருக்கிற காய்ச்சல் வைத்திய இலாகாவைச் சேர்ந்தது. வெளியே இருக்கிற காய்ச்சல் சுகாதார இலாகாவைச் சேர்ந்தது. இந்த விஷயம் மாதுவுக்குக் கடைசி வரை புரியவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லக் கூடாது. அறுபத்தெட்டு வயது வரை, காய்ச்சல் என்பது உடம்பைச் சேர்ந்தது என்றே நினைத்துக் காலம் தள்ளியவர் அவர்.

மாது பென்னாகரம் பக்கத்து மொட்டைப்பாறைப்பட்டிக்காரர். மூன்று ஏக்கர் மானாவாரி, ஒரு ஜோடி மாடு, ஒரு பெண்சாதி. பிள்ளைகுட்டி கிடையாது. நாற்பத்தைந்து வருஷமாக அவரும் சாலம்மாளும் ஒருவரை ஒருவர் வைதுகொண்டும் சோறு போட்டுக்கொண்டும் இருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் வைகாசி உழவில், கழற்றித் தூக்கிய கலப்பை கை நழுவி, அதன் இரும்புக் கொழு முனை சாலம்மாளின் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. நழுவ விட்டவர் மாது. அதைச் சாலம்மாள் தினம் இரண்டு தடவை ஞாபகப்படுத்துவாள். பச்சிலை வைத்துப் பார்த்தும் புண் புரையோடிப் போகவே, மாது வண்டி கட்டி அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இருபத்தோராம் நாள் பெரிய டாக்டர் மாதுவைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, புண் ஆறிக்கொண்டு வருகிறது. இன்னும் இருபது நாள், விடாமல் கழுவி மருந்து வைத்துக் கட்ட வேண்டும். ஒரு வாரம் விட்டுவிட்டால் முழங்காலோடு எடுக்க வேண்டியதுதான். இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்."

"அந்த இருவது நாளும் இங்கியே இருந்துக்கட்டுமுங்க."

"அது முடியாது. ஆஸ்பத்திரி வியாதிக்கு. உன் சம்சாரத்துக்கு வயது அறுபத்து மூன்று. அந்த வயதில் வியாதி எங்கே முடிகிறது, வயது எங்கே ஆரம்பிக்கிறது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. வயதுக்கு எங்களிடம் படுக்கை இல்லை."

"அப்ப மருந்தக் குடுங்க. நானே கட்டிக்கறேன்."

டாக்டர் அவர் மூக்குக்கு நேராக விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். மாதுவுக்குக் கிட்டப் பார்வை போய் வெகு நாளாயிற்று. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "அந்தப் புளியமரத்துல ரெண்டு மைனா உக்காந்திருக்குதுங்க" என்றார். மைனா இரண்டுதான். ஆனாலும் டாக்டர் மருந்து கொடுக்கவில்லை.

"கவலைப்படாதே. உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் சர்க்கார் ஒரு திட்டம் போட்டிருக்கிறது" என்று அவர் மேஜை மேலிருந்த புத்தகத்தைத் தடவிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி–கிராம ஐக்கிய முதியோர் சிகிச்சைத் திட்டம் என்பது அதன் பெயர். இரண்டு இலாகாக்களும் பதினோரு தடவை கூட்டம் போட்டு, காப்பி குடித்து, உருவாக்கியது. ஆஸ்பத்திரி அனுப்புகிற முதியவரை ஊரில் சுகாதார இலாகா ஏற்று, மீதி வைத்தியத்தைப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் அச்சில் இருந்தது. திட்டம் ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியும் ஒரு முதியவர்கூட அதில் அகப்படாததுதான் ஒரே குறை.

"உன் சம்சாரம்தான் முதல் ஆள்" என்றார் டாக்டர். மாது இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று யோசிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

ஒப்படைப்பு கேட்டில்தான் நடக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. வெளியே ஹெல்த் இன்ஸ்பெக்டர் குப்புராஜ் காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து இரண்டு வார்டுபாய்கள் சாலம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

"கால முன்னாடி வெச்சுத் தூக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன பொணமா? திருப்புங்கடா" என்றாள் சாலம்மாள். திருப்பினார்கள். தலை கேட்டைத் தாண்டியதும் குப்புராஜ் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். நாற்பத்திரண்டு இருக்கிறது."

அவர் படித்தார். வெயில் ஏறியது. இருபதாவது நிபந்தனையில் மாது மெதுவாக, "அய்யா, இன்னிக்குக் கட்டு மாத்தலீங்க" என்று ஞாபகப்படுத்தினார்.

டாக்டர் உள்ளே நின்றபடியே சொன்னார்: "நோயாளியின் முகம் வெளியே போய்விட்டது. ஆளை அடையாளம் காண்பது முகத்தை வைத்து. ஆகவே நோயாளி சுகாதார இலாகாவைச் சேர்ந்தவர்."

"புண் முகத்தில் இல்லை. கால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கால் உங்களுடையது" என்றார் குப்புராஜ்.

"இடுப்பு யாருதுங்க?" என்று கட்டிலில் இருந்து சாலம்மாள் கேட்டாள். "வெயில்ல இடுப்பு வேவுது."

இருவரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். இடுப்பைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டு இலாகாக்களின் மரியாதைக்கும் பங்கம் இல்லாமல், சாலம்மாள் முழுவதுமாக வெளியே வந்து சேர்ந்தாள். குப்புராஜ் கையெழுத்துப் போட்டார். டாக்டர் கேட் வழியாகக் கையை நீட்டி அவரோடு கை குலுக்கினார். கட்டை மட்டும் அன்றைக்கு யாரும் மாற்றவில்லை.

மறுநாள் காலையில் குப்புராஜ் மொட்டைப்பாறைப்பட்டிக்கு வந்துவிட்டார். மணியக்காரர் நஞ்சப்பன் வீட்டில் ரிஜிஸ்தர்கள் இருந்தன. சுகாதார இலாகா ஒருவரை ஏற்பது என்றால் ரிஜிஸ்தரில் ஏற்ற வேண்டும். ரிஜிஸ்தரில் ஏறினால்தான் சிகிச்சை. நியாயம்தானே.

"எந்த ரிஜிஸ்தருங்க?" என்றார் மணியக்காரர். "எங்கிட்ட நாலுதான் இருக்குது. பொறப்பு, சாவு, அம்மை, வாந்திபேதி."

"முதியோர் என்று ஒன்று அனுப்பவில்லையா?"

"இல்லீங்களே."

குப்புராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். புது ரிஜிஸ்தருக்கு எழுதிப் போட்டால் அச்சாகி வர எட்டு மாதம் ஆகும். அதற்குள் கால் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. ரிஜிஸ்தரைத் தவிர வேறு கதவு தெரியாதவர், அவ்வளவுதான்.

"வாந்திபேதியில் எழுதுவோமா?"

"எளுதுனா ஊர்க்கெணத்த மூடிருவீங்க. பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு எங்காளுங்கள உடமாட்டாங்க. வேண்டாமுங்க."

"அம்மை?"

"வூட்டச் சுத்தி வேலி கட்டி, உள்ள யாரும் போகக் கூடாதும்பீங்க. அப்பறம் மருந்து யாரு வெக்கறது?"

மணியக்காரர் சாவு ரிஜிஸ்தர் மேல் கையை வைத்தார். மாது பதறி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அது வேண்டாமுங்க மணியக்காரரே. நாங்க எத்தன சண்ட போட்டாலும் அது வேண்டாம்."

ஆக மீதி இருந்தது ஒன்று. அதைத்தான் மூவரும் பார்த்தார்கள்.

"நேத்து வரைக்கும் ஊர்ல இல்ல. இன்னிக்கு இருக்குது" என்று மணியக்காரர் யோசித்துச் சொன்னார். "ஊருக்கு ஒரு உசிரு கூடிருக்குது. பொறப்பு ரிஜிஸ்தருக்கு வேற என்ன வேணும்?"

குப்புராஜுக்குக் கண்ணீர் வராத குறை. உடனே எழுதச் சொன்னார். குழந்தை: பெண். பெயர்: சாலம்மாள். பிறந்த இடம்: டவுன் ஆஸ்பத்திரி. தகப்பன் பெயர் என்கிற இடத்தில் பேனா நின்றது. மாதுவின் பெயரை எழுதலாம் என்றார் குப்புராஜ்.

"கட்டுன பொண்டாட்டிக்கு அவனயே அப்பன்னு எளுதுனா ஊரு காறித் துப்பும். பாவமுங்க" என்று மணியக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டுக் கூட்டியாந்தது யாரு?"

கையெழுத்துப் போட்டவர் குப்புராஜ். ஆகவே அவர் பெயரே எழுதப்பட்டது. முப்பத்து நாலு வயதில், ஒரு வலியும் இல்லாமல், அவர் அறுபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குத் தகப்பனானார்.

அதற்குப் பிறகு சர்க்கார் நடந்துகொண்ட வேகத்தைப் பார்த்து மாது அசந்துபோனார். முதியவருக்கு அசையாத சர்க்கார் குழந்தைக்கு ஓடோடி வந்தது. மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் மருத்துவச்சி ரோசம்மாள் தோல்பையோடு வந்து, "எங்க பச்சப் புள்ள?" என்று கேட்டாள்.

சாலம்மாள் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மாது அவளைக் காட்டினார்.

ரோசம்மாள் பன்னிரண்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவள். கொஞ்ச நேரம் சாலம்மாளைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுப் பையைத் திறந்தாள்.

"எனக்கு ரூல்ஸ் இதுதான், பெரியம்மா. பொறந்த புள்ளைக்குப் பத்து நாள் வரணும். கண்ணுக்குச் சொட்டு மருந்து உடணும். தொப்புள் புண்ணத் தெனம் கழுவி, மருந்து வெச்சு, சுத்தமான துணியில கட்டணும்." சாலம்மாளின் காலைப் பார்த்தாள். இரண்டு நாளாக மாற்றாத கட்டு நாற ஆரம்பித்திருந்தது. "புண்ணு எந்த எடத்துல இருக்கணும்னு ரூல்ஸ்ல போடல."

அவள் மண்டியிட்டு உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். மாது வாசலில் போய் நின்றுகொண்டார். உள்ளேயிருந்து சாலம்மாள் முனகுவதும், ரோசம்மாள் "அவ்வளவுதான், ஆச்சு, ஆச்சு" என்று தேற்றுவதும் கேட்டன. மாதுவுக்கு அழுகை வந்தது. வாசலில் யாரும் இல்லாததால் அழுதார்.

கட்டி முடித்ததும் ரோசம்மாள் அட்டையை நிரப்பினாள். தொப்புள் கொடி விழுந்ததா? விழுந்து அறுபத்து மூன்று வருஷம். பல்? பதினொன்று. தாய்ப்பால் குடிக்கிறதா? ராகிக்களி. எடை எவ்வளவு என்ற இடத்துக்கு, பக்கத்து வீட்டிலிருந்து புளி நிறுக்கிற பெரிய தராசைக் கொண்டுவந்து மரத்தில் மாட்டினார்கள். சாலம்மாள் தட்டில் உட்கார்ந்து ஆடினாள். தொண்ணூற்றாறு பவுண்டு.

ஊரே திரண்டு வந்து பார்த்தது. நாற்பத்தைந்து வருஷமாகக் குழந்தை பிறக்காத வீட்டில் பிறப்பு எழுதியாயிற்று என்றால் சும்மாவா? ஒருத்தி வசம்பும் கறுப்பு வளையலும் கொண்டுவந்தாள். இன்னொருத்தி கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். நாலாம் நாள் அம்மை குத்துகிறவர் வந்து, குழந்தை வைகிற வசவுகளைக் கேட்டுக்கொண்டே இரண்டு கையிலும் குத்திவிட்டுப் போனார். சாலம்மாள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். புண் ஆறிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லுக்கு நடந்தே போய் முழுகுகிறவள் அவள்.

"இந்த வருசம் நடப்பனா?" என்று கேட்பாள்.

"இன்னும் பத்து நாள் பொறந்து இருந்தீங்கன்னா நடக்கலாம்" என்பாள் ரோசம்மாள்.

இதற்கிடையே வாராந்தரக் கணக்கு ஜில்லாவுக்குப் போயிற்று. அந்த வாரம் மணியக்காரரின் கிராமத்தில் பிறப்பு மூன்று. மற்ற இரண்டு குழந்தைகளும் ஆளுக்கு ஆறு பவுண்டு. சாலம்மாளையும் சேர்த்துச் சராசரி போட்டபோது ஒரு குழந்தைக்கு முப்பத்தாறு பவுண்டு வந்தது. இப்படி ஒரு எடை மாகாணத்திலேயே கிடையாது. சுகாதார இலாகா பூரித்துப் போயிற்று. அதே சமயம் வைத்திய இலாகா, தான் அனுப்பிய முதியவர் என்ன ஆனார் என்று கேட்டிருந்தது. இரண்டையும் விசாரிக்க, பத்தாம் நாள், மேலதிகாரி மோட்டாரில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினார்.

பந்தல் போட்டு, மாவிலை கட்டியிருந்தார்கள். பெரிய டாக்டரும் குப்புராஜும் நடுவில் ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மேலதிகாரி எழுந்து பேசினார்.

"மகா ஜனங்களே! ஒரு காலத்தில் வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் திக்கற்றுக் கிடந்தார்கள். திட்டம் வந்த பிறகு அவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று நம்மிடம் நகல் இருக்கிறது. இந்தத் திட்டத்துக்காகப் பதினோரு கூட்டம் நடத்தினோம். வயதானவர்களை அழைத்துக் கேட்கலாம் என்று ஒரு அங்கத்தினர் சொன்னார். அவர்கள் வந்தால் நேரமாகும் என்பதால் விட்டுவிட்டோம். நோயாளிகள் குறுக்கிடாததால் திட்டம் வெகு நேர்த்தியாக அமைந்தது."

எல்லோரும் கை தட்டினார்கள். மாதுவும் தட்டினார். பிறகு மேலதிகாரி அந்த அதிசயக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார்.

சாலம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"குழந்தை எங்கே?"

"நாந்தானுங்க."

மேலதிகாரி அட்டையைப் பார்த்தார். சாலம்மாளைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். கண்ணுக்கும் காகிதத்துக்கும் நடந்த சண்டையில் கொஞ்ச நேரம் காகிதம்தான் ஜெயித்தது.

"பத்து நாளில் நடக்கிறதா?"

"தடி புடிச்சா நடப்பேனுங்க."

"பேச்சும் தெளிவாக வருகிறது" என்று குறித்துக்கொண்டார். அதற்கு மேல் குப்புராஜால் தாங்க முடியவில்லை. எழுந்து, நடந்ததை நடந்தபடி ஒப்புவித்தார். பிறப்பு ரிஜிஸ்தர் நகலைப் பார்த்ததிலிருந்து தன் சம்சாரம் தாய் வீட்டில் இருப்பதையும் சொன்னார்.

"இதுதான் நான் அனுப்பிய முதியவர்" என்றார் பெரிய டாக்டர், வெற்றியோடு.

மேலதிகாரி அட்டையை மேஜை மேல் வைத்தார். "பிசகு என்று எழுத முடியாது. எழுதினால் இரண்டு இலாகாவுக்கும் அவமானம், சராசரியும் போய்விடும். பிறப்பை அடிக்கவும் சட்டத்தில் இடமில்லை. பதிந்த பிறப்பை முடிக்க ஒரே வழிதான் உண்டு. மணியக்காரரே, அந்த இன்னொரு ரிஜிஸ்தரை எடும்."

மாது ஓடிவந்து குறுக்கே நின்றார். "வேண்டாமுங்க, சாமி" என்று கும்பிட்டார். வெறும் காகிதம்தான் என்று மேலதிகாரி அன்போடு சொன்னார். வெறும் காகிதம் என்ன செய்யும் என்று பத்து நாளாகப் பார்த்துவந்த மாதுவுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

மணியக்காரர் எழுதினார். சாலம்மாள். வயது: பத்து நாள். காரணம் என்கிற இடத்தில் வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், பாம்புக்கடி, பிற காரணங்கள் என்று இருந்தது. 'பிற காரணங்கள்' என்று எழுதி, பக்கத்தில் 'மேலதிகாரி வருகை' என்று உண்மையைச் சேர்த்தார்.

"இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்போம்" என்றார் மேலதிகாரி. எல்லோரும் எழுந்தார்கள்.

"யாருக்குங்க?" என்று சாலம்மாள் ரோசம்மாளின் காதில் கேட்டாள்.

"உங்களுக்குத்தான், பெரியம்மா."

"அப்ப நானும் நிக்கறேன்" என்று அவளும் தடியை ஊன்றித் தலை குனிந்து நின்றாள்.

மேலதிகாரி முடிவுரை சொன்னார். "திட்டத்தின் முதல் பலன் பூர்த்தியாகிவிட்டது. வரவு ஒன்று, முடிவு ஒன்று, பாக்கி இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை அடைபடவில்லை. கிராமத்தில் முதியவர் யாரும் மிச்சமில்லை. இதைவிட ஒத்துழைப்பு வேறென்ன வேண்டும்?" மோட்டார் கிளம்பியது. தகப்பன் என்ற முறையில் குப்புராஜுக்கு மூன்று நாள் துக்க லீவு சாங்க்ஷன் ஆயிற்று. அவர் மாமனார் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார்.

பந்தலில் மாது, சாலம்மாள், ரோசம்மாள், மணியக்காரர் நாலு பேர்தான் மிச்சம். ரோசம்மாள் தோல்பையை மூடினாள்.

"நாளைக்கு வருவியில்ல?" என்று மாது கேட்டார்.

"எப்பிடி வர்றது, பெரியப்பா? செத்தவங்களுக்குக் கட்டுக் கட்ட எனக்கு உத்தரவில்ல." அவள் போகாமல் நின்றாள். "புண்ணு முக்காவாசி ஆறிருச்சு. இன்னும் பத்தே பத்து நாள். பொறந்தாங்கன்னா வருவேன்."

மாது ஆடி மாதத்தை விரல் விட்டு எண்ணினார். பதினெட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பத்து நாளாகச் சர்க்காரோடு பழகியதில் அவருக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. மணியக்காரர் முன்னால் போய் நின்றார்.

"ஒரு பொறப்பு எளுதணுங்க."

மணியக்காரருக்குப் புரிந்தது. பிறப்பு ரிஜிஸ்தரை எடுத்துப் பேனாவை மையில் தோய்த்தார். "பொண்ணு. சாலம்மாள். சரிதானே?"

"ரெட்டப் புள்ளையா எளுதிருங்க. என்னையும் சேத்து. எனக்கும் கண்ணு மங்குது. வர்றப்ப ரோசம்மா ரெண்டு சொட்டு ஊத்திட்டுப் போவட்டும்."

பேனா காகிதத்தைத் தொடப் போனது. "அய்யய்யோ, நிறுத்துங்க" என்று சாலம்மாள் தடியால் மேஜையைத் தட்டினாள். "ரெட்டைன்னா கூடப் பொறந்தவங்க ஆயிருவமே. நாப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்திட்டு, இந்த மனுசன நான் அண்ணான்னு கூப்படறதா?"

மணியக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். இது பெரிய சிக்கல்தான். மாதுதான் கடைசியில் சொன்னார்.

"அப்பிடின்னா என்னைய இந்த வூட்டுல எளுதிக்கங்க. அவள எங்க மாமன் வூட்டுல எளுதிருங்க. மொற தப்பாது. வளந்ததும் கட்டிக்கறோம்."